கூடங்குளத்தில் கேமரா உண்டு, கல்பாக்கத்தில் இல்லை: அணுகுண்டு விதிகள் யாருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவை நீக்கப்பட்டு, வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன எபிசோடில் ஈரான் பற்றிப் பேசினோம். 2025 ஜூனில் முதலில் இஸ்ரேலும், பிறகு அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு போட்டதைப் பற்றி. அதுக்கு நிறைய பேர் பதில் அனுப்பியிருந்தீங்க. அதில் ஒரு வாய்ஸ் நோட் சங்கரன்கோவிலில் இருந்து வந்தது. அனுப்பியவர் ஒரு கல்லூரி மாணவர், வீட்டில் விசைத்தறி ஓடுது. அவர் கேட்டது அப்படியே:

"அண்ணே, ஈரான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட நாடு. இஸ்ரேல் போடவே இல்ல. குண்டு வச்சிருக்கிறவன் குண்டு இல்லாதவனைப் போட்டு அடிக்கான். இதுல என்ன நியாயம்? சரி, அதை விடுங்க. நாமளும் கையெழுத்துப் போடலைல்லா? பின்ன நம்ம கூடங்குளத்துக்கு மட்டும் ரஷ்யாக்காரன் எப்படிண்ணே ரியாக்டர் குடுத்தான்?"

கேட்க ஒரே கேள்வி மாதிரி இருக்கு. ஆனா உள்ளே மூணு கேள்வி இருக்கு. விதி எப்படி வந்தது, அதை யார் வளைச்சாங்க, வளைச்சதில் நமக்கு என்ன பங்கு. இன்னைக்கு இதைத்தான் பேசப் போறோம். சங்கரன்கோவிலில் இருந்து நேர்கோட்டில் அளந்தா கூடங்குளம் சுமார் 110 கிலோமீட்டர். உலக அரசியல் என்று நாம நினைக்கிற விஷயம் நம்ம பக்கத்து ஊரில் கான்கிரீட்டா நிற்குது. அதனால அங்கேயே போய் நின்னு பேசுவோம்.

முதல்ல விதி. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், சுருக்கமா என்.பி.டி. 1968 ஜூலை 1-ல் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டு, 1970 மார்ச் 5-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு தேதி இருக்கு. 1967 ஜனவரி 1-க்கு முன்னால் அணுகுண்டு செஞ்சு வெடிச்சுக் காட்டிய நாடுதான் "அணு ஆயுத நாடு". அந்தக் கணக்கில் வர்றது அஞ்சே நாடுகள்: அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ், சீனா. மத்த எல்லாரும் "அணு ஆயுதம் இல்லாத நாடு". பின்னாடி வெடிச்சாலும் ஒப்பந்தத்தின் கண்ணில் அப்படித்தான்.

நம்ம ஊர் பாஷையில் சொன்னா, ஒரு புறம்போக்கு நிலம். இந்தத் தேதிக்கு முன்னாடி வீடு கட்டினவங்களுக்குப் பட்டா. மறுநாள் வந்து கட்டினா ஆக்கிரமிப்பு. பட்டா கொடுக்கிற கமிட்டியில் யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு கேட்டா, ஏற்கெனவே வீடு கட்டினவங்க.

ஆனா இதை வெறும் அடாவடின்னு தள்ளிடவும் முடியாது. ஒப்பந்தத்தில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. குண்டு வேண்டாம்னு சத்தியம் பண்ற நாட்டுக்கு மின்சாரம், மருத்துவம் மாதிரி அமைதியான வேலைகளுக்கு அணுத் தொழில்நுட்பம் கிடைக்கும். அது மறுக்க முடியாத உரிமைன்னு நாலாவது பிரிவு சொல்லுது. ஆறாவது பிரிவு இன்னும் முக்கியம்: குண்டு வச்சிருக்கிறவங்க நல்லெண்ணத்தோட ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தை நடத்தணும். எந்தத் தேதிக்குள்ள? அது மட்டும் எழுதப்படவில்லை. உள்ளே வரக்கூடாதவங்களுக்கு நாள் குறிச்ச ஒப்பந்தம், வெளியே போக வேண்டியவங்களுக்கு நாள் குறிக்கலை. என்னைப் பொறுத்தவரை முழு ஒப்பந்தத்தின் ஓட்டையும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கு.

எவ்வளவு குறைச்சிருக்காங்க? பனிப்போர் காலத்தோட ஒப்பிட்டா நிறைய. ஆனா ஸ்டாக்ஹோமில் இருக்கிற சிப்ரி நிறுவனம் 2025 ஜனவரி நிலவரப்படி போட்ட கணக்கில் உலகத்தில் இன்னும் சுமார் 12,240 அணுகுண்டுகள். அதில் பத்தில் ஒன்பது பங்கு ரெண்டே நாடுகள்கிட்ட, அமெரிக்காவும் ரஷ்யாவும். இந்தியாகிட்ட சுமார் 180. பாகிஸ்தான்கிட்ட சுமார் 170. இஸ்ரேல்கிட்ட சுமார் 90 இருக்கலாம்னு மதிப்பிடுறாங்க, ஆனா இஸ்ரேல் இருக்குன்னும் சொல்லாது, இல்லைன்னும் சொல்லாது.

இந்தியா இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலை. "இது பாகுபாடான ஒப்பந்தம், அதனால் ஏற்க மாட்டோம்" என்பதுதான் அன்று முதல் இன்று வரை நம்ம அரசாங்கங்களின் நிலைப்பாடு. பள்ளிக்கூடப் பாடத்திலும் அப்படித்தான் படிச்சோம். அது உண்மை. ஆனா பாதி உண்மை. 1962-ல் சீனாவோடு போர். 1964 அக்டோபர் 16-ல் சீனா குண்டு வெடிச்சது. அந்தச் சீனாவுக்குப் பட்டா உண்டு, நமக்குக் கிடையாது என்கிற காகிதத்தில் எந்த டெல்லி அரசும் கையெழுத்துப் போட்டிருக்காது. கொள்கையும் இருந்தது, பயமும் இருந்தது. ரெண்டையும் சேர்த்துச் சொன்னாத்தான் கதை நேர்மையா இருக்கும்.

அடுத்து 1974 மே 18. பொக்ரான். "அமைதிக்கான அணு வெடிப்பு" என்று இந்தியா பெயர் வைத்தது. இந்தப் பெயரைக் கேட்டு யாருக்கும் சிரிப்பு வந்தா நான் கோவிச்சுக்க மாட்டேன். அந்தக் குண்டுக்கான புளூட்டோனியம் டிராம்பேயில் இருந்த சைரஸ் ஆய்வு உலையில் இருந்து எடுத்தது. அந்த உலை கனடா கொடுத்தது. அதற்கான கனநீர் அமெரிக்கா கொடுத்தது. அமைதியான பயன்பாட்டுக்கு மட்டும் என்ற புரிதலோடு கொடுத்தது. கனடா கொதிச்சுப் போச்சு. நான் கனடாக்காரனா இருந்தா நானும் கொதிச்சிருப்பேன்.

விளைவு? அணுப் பொருள் விற்கிற நாடுகள் லண்டனில் கூடி ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 1975-ல் முதல் கூட்டம், ஏழு நாடுகள். அதுதான் இன்னைக்கு நாம என்.எஸ்.ஜி.ன்னு சொல்ற அணு விநியோக நாடுகள் குழு. மறுபடி ஒரு 1974 நடந்துடக் கூடாதுன்னு ஆரம்பிச்ச சங்கம் அது. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் ஒரு வேடிக்கை இருக்கு.

ராஜஸ்தானில் ராவத்பாட்டாவில் ரெண்டாவது உலையைக் கட்டிக்கிட்டிருந்த கனடா பாதியிலேயே விலகிப் போயிடுச்சு. தாராப்பூர் கதை இன்னும் சிக்கல். அங்கே எரிபொருள் தர்றதா 1963-ல் அமெரிக்கா ஒப்பந்தம் போட்டிருந்தது. 1978-ல் தன் நாட்டில் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்து, அந்தச் சட்டப்படி எரிபொருளைத் தர முடியாதுன்னு கையை விரிச்சது. அப்புறம் பிரான்ஸைப் பிடிச்சுக் கொடுத்தாங்க. பழைய ஒப்பந்தத்துக்குப் புதுச் சட்டம் பொருந்துமா? இந்தக் கேள்வியையும் ஞாபகம் வச்சுக்கோங்க, கூடங்குளத்தில் திரும்ப வரும்.

இந்தத் தடைகளுக்கு நடுவில் கட்டினதுதான் கல்பாக்கம். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-ல் இயக்கத்துக்கு வந்தது. வெளியில் இருந்து பொருள் வராதுங்கிற நிலையில் நம்ம இன்ஜினியர்களே பாகங்களைச் செஞ்சு கட்டின உலை. அதில் ஒரு பெருமை இருக்கு, மறுக்கலை. அதேசமயம் யாரும் வந்து எட்டிப் பார்க்கும் நிபந்தனையும் அதில் இல்லை. தடை நம்மைத் தடுக்கலை. மறைவான ஒரு அறையைக் கட்டிக்கத்தான் அது வழி பண்ணிக் கொடுத்தது.

இப்ப கூடங்குளம். 1988 நவம்பர் 20. டெல்லியில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டாங்க. தலா 1000 மெகாவாட்டில் ரெண்டு உலை. இதே ராஜீவ் காந்திதான் அஞ்சு மாசம் முன்னாடி, 1988 ஜூன் 9-ல், ஐ.நா. சபையில் நின்னு, 2010-க்குள் உலகத்தில் அணு ஆயுதமே இல்லாமல் ஆக்க ஒரு திட்டத்தை முன்வைத்தார். கட்டம் கட்டமா, தேதி போட்டு. என்.பி.டி.யில் இல்லாத அந்தத் தேதியை இந்தியா எழுதிக் கொடுத்தது. வல்லரசுகள் அதைக் கண்டுக்கவே இல்லை.

சோவியத் யூனியன் உடைஞ்சது. கூடங்குளம் காகிதத்தில் தூங்கியது. அதுக்கு நடுவில் 1992-ல் என்.எஸ்.ஜி. ஒரு விதி கொண்டுவந்தது. இது கொஞ்சம் டெக்னிக்கல், ஆனா இதைப் புரிஞ்சுக்காம மீதி புரியாது. அதுக்கு முன்னாடி வரை, நான் உனக்கு ஒரு உலை வித்தா அந்த உலையை மட்டும் சர்வதேச அணுசக்தி முகமை, அதாவது ஐ.ஏ.இ.ஏ., வந்து சோதிச்சா போதும். புது விதிப்படி, வாங்குற நாட்டில் இருக்கிற எல்லா அணு நிலையங்களையும் சோதனைக்குத் திறந்துவிடணும். அப்பத்தான் விற்கலாம். கல்பாக்கத்தைத் திறக்க இந்தியா தயாரா? இல்லை. அப்ப கூடங்குளம்? கணக்குப்படி முடிஞ்சு போன கதை.

முடியலை. 1998 மே மாதம் பொக்ரானில் இரண்டாவது தடவை வெடிச்சோம். உலகமே தடை போட்டது. சரியா அடுத்த மாதம், ஜூன் 21-ல், ரஷ்யா டெல்லிக்கு வந்து கூடங்குளத்துக்கான துணை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அமெரிக்கா ஆட்சேபித்தது. ரஷ்யா சொன்ன பதில்: எங்க ஒப்பந்தம் 1988-ல் போட்டது, உங்க விதி 1992-ல் வந்தது, பழசுக்குப் புதுசு பொருந்தாது.

தாராப்பூரில் அமெரிக்கா சொன்னது நேர் எதிர். பழைய ஒப்பந்தமா இருந்தாலும் புதுச் சட்டம்தான். மாமியார் உடைச்சா மண்குடம், மருமகள் உடைச்சா பொன்குடம். சங்கரன்கோவில் தம்பி, உங்க கடைசிக் கேள்விக்கு இதுதான் பதில். ரஷ்யாவுக்குக் காசு தேவை, இந்தியாவுக்கு உலை தேவை, தேதி வசதியா இருந்தது.

கொஞ்சம் பொறுங்க, குடம் இங்கே முடியலை. சீனா 2004-ல் என்.எஸ்.ஜி.யில் சேர்ந்தது. பிறகு பாகிஸ்தானில் சஷ்மா என்ற இடத்தில் மூணாவது, நாலாவது உலைகளைக் கட்டித் தரப் போறதாச் சொன்னது. கேட்டதற்கு, "நாங்க சங்கத்தில் சேர்றதுக்கு முன்னாடியே பேசி வச்ச விஷயம்" என்றது. அமெரிக்கா இது விதிக்குப் பொருந்தாதுன்னு சொன்னது. இந்தியாவிலும் பலத்த எதிர்ப்பு. கூடங்குளத்துக்கு இனிச்ச வாதம் சஷ்மாவுக்குக் கசந்தது. ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லிடணும்: கூடங்குளத்தின் ரெண்டு உலைக்கும் 1988-லேயே எல்லாருக்கும் தெரிஞ்ச ஒப்பந்தம் இருந்தது. சஷ்மாவின் அந்த ரெண்டு உலையும் பழைய ஒப்பந்தத்தில் உண்மையிலேயே அடங்குமாங்கிறதுதான் அங்கே சண்டை. ஆனா வாதத்தோட எலும்புக்கூடு ஒண்ணுதான்.

நம்மை உண்மையிலேயே வெளியில் இருந்து உள்ளே கொண்டுவந்தது வேற ஒரு கதை. 2005 ஜூலை 18, மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் வாஷிங்டனில் விட்ட கூட்டறிக்கை. மூணு வருஷ இழுபறிக்குப் பிறகு, 2008 செப்டம்பர் 6-ல் வியன்னாவில் என்.எஸ்.ஜி. இந்தியாவுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. என்.பி.டி.யில் கையெழுத்துப் போடாமலே, குண்டைக் கீழே வைக்காமலே, யார்கிட்ட வேணும்னாலும் உலையும் யுரேனியமும் வாங்கலாம்.

பதிலுக்கு இந்தியா என்ன கொடுத்தது? தன் அணு உலைகளை ரெண்டாப் பிரிச்சது. அப்ப இருந்த, கட்டிக்கிட்டிருந்த 22 உலைகளில் 14 "சிவில்", 8 "ராணுவப் பக்கம்". சிவில் பட்டியலில் இருக்கிறதை மட்டும் ஐ.ஏ.இ.ஏ. சோதிக்கலாம். கூடங்குளம் அந்த 14-ல் இருக்கு. கல்பாக்கத்தின் ரெண்டு உலைகளும் அந்த 8-ல். அங்கேயே கட்டின 500 மெகாவாட் வேக ஈனுலையும் சோதனைக்கு வெளியேதான். ஆக, ஒரே மாநிலம், ஒரே கடற்கரை. கூடங்குளத்தில் வியன்னாவின் கேமராவும் சீலும் இருக்கும், கல்பாக்கத்தில் இருக்காது.

இதில் ஒரு தப்பான புரிதல் பரவலா இருக்கு. ஐ.ஏ.இ.ஏ. சோதனைன்னா உலை பத்திரமா இருக்கான்னு பார்க்கிறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை. இது நகைக்கடை இருப்புக் கணக்கு மாதிரி. உள்ளே போன யுரேனியம் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, நடுவில் குண்டுக்குத் திருப்பி விட்டாங்களா? அவ்வளவுதான். சுவர் உறுதியா, சுனாமி வந்தா தாங்குமா என்பது வேற துறை, வேற கேள்வி.

2008-ல் வியன்னாவில் கடைசி வரை இழுத்துப் பிடிச்ச நாடுகள் ஆஸ்திரியா, அயர்லாந்து, நியூசிலாந்து. நம்ம டிவி சேனல்களில் அன்றைக்கு அவங்களை வில்லன் மாதிரி காட்டினாங்க. அவங்க கேட்டது நியாயமான கேள்வி: "கையெழுத்துப் போட்டு, செய்ய முடிஞ்சும் செய்யாம இருந்தவங்களுக்கு என்ன மரியாதை?" தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கோங்க. கையில் இருந்த ஆறு குண்டுகளைத் தானே பிரிச்சுப் போட்டுட்டு 1991-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சேராத இந்தியாவுக்கு ரெண்டும் கிடைச்சது, குண்டும் வியாபாரமும்.

இந்தியா சொன்ன பதில்: நாங்க பொறுப்பான நாடு, யாருக்கும் தொழில்நுட்பத்தைக் கசியவிடலை. உண்மைதான். 2004-ல் வெளிச்சத்துக்கு வந்த பாகிஸ்தானின் ஏ.க்யூ.கான் வலைப்பின்னலோடு ஒப்பிட்டா நம்ம பேர் சுத்தம். ஆனா இங்கே நடந்த மாற்றத்தைக் கவனிங்க. "எல்லாருக்கும் ஒரே விதி" என்பது போய், "இவன் நல்ல பையன், இவனுக்கு விலக்கு" என்று ஆனது. நல்ல பையன் சான்றிதழ் யார் கொடுக்கிறது? 2008-ல் அமெரிக்காவுக்கு இந்தியா என்ற சந்தையும் வேணும், சீனாவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு எடையும் வேணும். இந்த ரெண்டும் இல்லாத ஒரு சின்ன நாடு இதே நல்ல குணத்தோட வந்து நின்னிருந்தா வாசலிலேயே நிறுத்தியிருப்பாங்க.

முன்னாடி சொன்ன வேடிக்கை இதுதான். 2016-ல் இந்தியா அதே என்.எஸ்.ஜி.யில் உறுப்பினராகச் சேர மனுப் போட்டது. நம்மைத் தடுக்கவே ஆரம்பிச்ச சங்கத்தில்! சியோலில் கூட்டம் நடந்தது. சீனா குறுக்கே நின்னது: என்.பி.டி.யில் கையெழுத்துப் போடாதவங்களுக்கு இடம் கிடையாது. சஷ்மாவில் விதியைத் தாண்டின சீனா, சியோலில் விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்தது.

இதுவரை வெளிநாட்டுக் கதை. இப்ப உள்ளூருக்கு வருவோம். இது சங்கரன்கோவில்காரங்களுக்கு என்னைவிட நல்லாவே தெரியும்.

2011-ல் இடிந்தகரையில் போராட்டம் வலுத்தது. ஃபுகுஷிமா விபத்து நடந்த வருஷம் அது. செப்டம்பர் 22-ல் ஜெயலலிதா அமைச்சரவை ஒரு தீர்மானம் போட்டது: மக்களோட பயம் தீரும்வரை கூடங்குளம் வேலையை நிறுத்தி வைக்கணும். அடுத்த மாதம் சங்கரன்கோவில் எம்.எல்.ஏ.வும் அமைச்சருமான கருப்பசாமி காலமானார். இடைத்தேர்தல் வந்தது. அமைச்சர்கள் படையே ஊருக்குள் இறங்கியது. அது மின்வெட்டுக் காலம். சென்னைக்கு 2 மணி நேரம், மத்த ஊர்களுக்கு 8 மணி நேரத்துக்கும் மேல. கரண்ட் இல்லாத விசைத்தறி என்ன ஆகும்னு அந்த ஊர்க்காரங்ககிட்ட விளக்க வேண்டியதில்லை. பீஸுக்குத்தான் கூலி. தறி நின்னா அன்னைக்குக் கூலி இல்லை.

2012 மார்ச் 18, வாக்குப்பதிவு. மார்ச் 19, அமைச்சரவை கூடி, கூடங்குளம் வேலையை உடனே தொடங்கலாம்னு முடிவெடுத்தது. ஒரே ஒரு நாள் இடைவெளி. 21-ந் தேதி ஓட்டு எண்ணினாங்க, அ.தி.மு.க.வின் முத்துச்செல்வி 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அன்றைக்குச் சங்கரன்கோவிலும் இடிந்தகரையும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019-ல்தான். ஒரு முனையில் கரண்ட் இல்லாம நின்ன தறி. இன்னொரு முனையில் உலை வேண்டாம்னு கடற்கரையில் உட்கார்ந்திருந்த மீனவக் குடும்பங்கள். இந்த ரெண்டு பேரையும் எதிரெதிரா நிறுத்தினது சௌகரியமான அரசியல். கூடங்குளம் மின்சாரம் முழுசா தமிழ்நாட்டுக்கு வராது, கேரளா, கர்நாடகா, புதுச்சேரின்னு பிரியும் என்பதும், முதல் உலை கிரிட்டில் இணைஞ்சதே 2013 அக்டோபரில்தான் என்பதும் அந்த மின்வெட்டுச் சூட்டில் யார் காதிலும் ஏறலை.

எனக்கு இதில் உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. உலக மேடையில் இந்தியாவின் வாதம் என்ன? "எங்களைக் கேட்காம, எங்களுக்கும் சேர்த்து விதி போடாதீங்க. சமமா நடத்துங்க." 1996-ல் ஜெனீவாவில் அணு சோதனைத் தடை ஒப்பந்தம், சி.டி.பி.டி., வந்தப்போ நம்ம தூதர் அருந்ததி கோஷ் தனியா நின்னு, இந்தச் சமமில்லாத ஒப்பந்தத்தில் இந்தியா இப்பவும் கையெழுத்துப் போடாது, பிறகும் போடாதுன்னு சொன்னார். நல்ல தைரியம். 1998-ல் ஜஸ்வந்த் சிங் இதை "அணு நிறவெறி"ன்னே எழுதினார். அதே அரசாங்கத்திடம் இடிந்தகரை மக்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதேதான்: எங்களைக் கேட்டீங்களா? உலையோட பாதுகாப்பு ஆய்வறிக்கையைக் காட்டுங்க. 2012-ல் மத்திய தகவல் ஆணையம் அதை வெளியிடச் சொன்னது. அணுமின் கழகம் நீதிமன்றத்துக்குப் போனது. பதிலுக்கு மக்கள் மேல வழக்குகள், அதில் தேசத்துரோகப் பிரிவும் உண்டு. 2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது. அதே தீர்ப்பில், போராடினவங்க மேல் இருக்கிற குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கணும்னும் சொன்னது.

வியன்னாவில் இருந்து வர்ற இன்ஸ்பெக்டருக்குக் கதவு திறக்கும். வேலிக்கு வெளியே குடியிருக்கிறவங்க ஒரு அறிக்கையைக் கேட்டா வழக்குமன்றம். உலை வேணும், வேண்டாம் என்பதில் நீங்க எந்தப் பக்கம் இருந்தாலும் இந்த முரண் கண்ணில் படணும்.

சரி, ஈரானுக்கு வருவோம். அங்கே நம்ம கை சுத்தமா? 2005 செப்டம்பர் 24, ஐ.ஏ.இ.ஏ. ஆளுநர் குழுவில் ஈரான் விதியை மீறியதுன்னு ஒரு தீர்மானம். 22 நாடு ஆதரவு, 12 நாடு நடுநிலை, எதிர்த்தது வெனிசுவேலா மட்டும். இந்தியா அந்த 22-ல். மன்மோகன்-புஷ் அறிக்கை வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. 2006-லும் 2009-லும் மறுபடி ஈரானுக்கு எதிரா ஓட்டு. முப்பது வருஷமா "பாகுபாடு, பாகுபாடு"ன்னு பேசின நாடு, தனக்கு விலக்கு வர்ற நேரத்தில் அடுத்தவனுக்கு எதிரா கை தூக்கியது.

இதுக்கு ஒரு சட்ட வாதம் உண்டு, அதைக் கேட்டுக்கணும். ஈரான் தானா முன்வந்து கையெழுத்துப் போட்டது. போட்டுட்டு நதான்சில் ஒரு செறிவூட்டும் நிலையத்தை மறைச்சுக் கட்டியது, 2002-ல் அம்பலமாச்சு. 2025 மே மாதம் அதுகிட்ட 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் 400 கிலோவுக்கு மேல இருந்தது. மின்சாரத்துக்கு இவ்வளவு செறிவு தேவையே இல்லை, பொதுவா 5 சதவீதத்துக்குள் போதும். நாங்க கையெழுத்தே போடலை, அதனால் எதையும் மீறலைன்னு இந்தியா சொல்லலாம். சட்டப்படி சரி. ஆனா இந்த வாதத்தைக் கடைசி வரை கொண்டுபோனா என்ன கிடைக்கும்? கையெழுத்துப் போட்டவன் மாட்டிக்கிட்டான், போடாதவன் தப்பிச்சான். இஸ்ரேல் போடலை. வடகொரியா போட்டுட்டு 2003-ல் வெளியேறி 2006-ல் வெடிச்சது, இன்னைக்கு வரை அதன் மேல் யாரும் குண்டு போடலை. லிபியா 2003-ல் திட்டத்தைக் கைவிட்டது, 2011-ல் கடாஃபி கதை முடிஞ்சது. உக்ரைன் தன் மண்ணில் இருந்த சோவியத் குண்டுகளை ஒப்படைக்க 1994-ல் புடாபெஸ்டில் உறுதிமொழி வாங்கியது, அதில் கையெழுத்துப் போட்ட ரஷ்யாவே பின்னாடி படையெடுத்தது. ஈரானே 2015-ல் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தது. 2018-ல் அதைக் கிழிச்சது ஈரான் இல்லை, அமெரிக்கா. தெஹ்ரானில் உட்கார்ந்து இந்த வரிசையைப் படிக்கிற ஒருத்தர் என்ன முடிவுக்கு வருவார்?

அப்ப எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடலாமா? இங்கே நான் நம்ம தம்பியோட கொஞ்சம் விலகுறேன். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடி, 1970-களில் 15 முதல் 25 நாடுகள்கிட்ட குண்டு இருக்குமோன்னு பயந்தார். இன்னைக்கு ஒன்பது. நியாயமில்லாத இந்த ஒப்பந்தத்துக்கும் அதில் பெரிய பங்கு இருக்கு. ஜப்பான், ஜெர்மனி, பிரேசில், தென்கொரியான்னு செய்யத் திறமை இருந்தும் செய்யாம இருக்கிற நாடுகளாலதான் நாம நிம்மதியா தூங்குறோம். அநியாயமான விதி வேலை செய்யாதுன்னு இல்லை. அது வேலை செய்யும், ஆனா உள்ளே இருக்கிறவங்களுக்குப் பொறுமை இருக்கிற வரைக்கும்தான். அந்தப் பொறுமை தீர்ந்துக்கிட்டிருக்கு.

தீர்ந்ததோட அடையாளம் 2017 ஜூலை 7. குண்டு இல்லாத 122 நாடுகள் ஐ.நா.வில் ஓட்டுப் போட்டு, அணு ஆயுதத்தையே முழுசா தடை செய்யும் ஒப்பந்தத்தை நிறைவேத்தினாங்க. இதில் பட்டாவும் இல்லை, ஆக்கிரமிப்பும் இல்லை. எல்லாருக்கும் ஒரே விதி. இந்தியா பல காலமா கேட்டது இதைத்தானே? அந்தப் பேச்சுவார்த்தைக்கே இந்தியா போகலை. குண்டு வச்சிருக்கிற ஒன்பது நாடுகளில் ஒண்ணுகூடப் போகலை. அமெரிக்கா, சீனா, பாகிஸ்தான், வடகொரியா, நாம, எல்லாரும் ஒரே பெஞ்சில்.

நமக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு நாடு இதை வேற இடத்தில் நின்னு பார்க்குது. இலங்கை. 1995-ல் நியூயார்க்கில் என்.பி.டி.யைக் காலவரையின்றி நீட்டிச்ச மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஜெயந்த தனபால, இலங்கைத் தூதர். வல்லரசுகள் ஆறாவது பிரிவை மதிப்பாங்கன்னு ஒரு நம்பிக்கையில் சின்ன நாடுகள் அன்னைக்கு ஒத்துக்கிட்டாங்க. 2023-ல் இலங்கை சி.டி.பி.டி.யை உறுதி செய்தது, அதே வருஷம் 2017 தடை ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. அதுகிட்ட குண்டும் கிடையாது, அணு உலையும் கிடையாது. மன்னார் வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் இருந்து பார்த்தா அதுக்குத் தெரியுறது கூடங்குளம். நாம அந்த அஞ்சு நாடுகளை எப்படிப் பார்க்கிறோமோ, அவங்க நம்மை அப்படிப் பார்த்தா நாம என்ன பதில் சொல்வோம்? டெல்லியில் இதைக் கேட்கிறவங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த எபிசோடில் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலையும் தோரியத்தையும் பற்றிப் பேசுவோம். சங்கரன்கோவில் தம்பிக்கு நன்றி. வாய்ஸ் நோட் அனுப்புறவங்க தறிச் சத்தத்தை நிறுத்திட்டு அனுப்ப வேண்டாம், அது பாட்டுக்கு ஓடட்டும், எங்களுக்குத் தெளிவாத்தான் கேட்குது.